வெயிலுக்குப் பச்சை, பல்புக்குச் சிவப்பு

அருமனை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பேச ஆரம்பித்ததும் நான் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“நான் ரெண்டு ஜோடி கம்மல் வச்சிருக்கேன்னு எனக்க மாமி சொல்லுதா, மக்கா.”

“வச்சிருக்கியா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“ஒண்ணுதான். ஆன்லைன்ல நிறம் மாறுத கல்லு வாங்கி, தட்டான்ட்ட குடுத்துச் செஞ்சது. வெயில்ல பச்சை, குண்டு பல்புக்க கீழ செவப்பு.”

“அத மாமிகிட்ட சொல்லப்பிடாதா?”

“சொன்னேன். கல்லு எங்கயாவது நிறம் மாறுமா, ஒண்ண எனக்க மகளுக்குக் குடுன்னு ஒரே அழுகை.”

“குடுத்தியா?”

“நாத்தனா பச்சைதான் வேணும்னா. நேத்து மத்தியானம் மனசில்லாம கழத்திக் குடுத்தேன். வீட்டுக்குப் போயி விளக்குப் போட்டதும் போன் பண்ணுதா. ‘மைனி, செவப்ப மாத்தித் தந்துட்டியளே!’”

“அய்யோ! நீ என்ன சொன்ன?”

“விடியட்டும், சரியாயிரும்ன்னு வச்சிட்டேன்.”

“சரியாச்சா?”

“காலைல திரும்பவும் போன். பச்சை வந்துட்டாம். ‘ஆனா அந்தச் செவப்ப எப்ப வந்து எடுத்துட்டுப் போனிய?’ன்னு கேக்கா.”