பத்தொன்பது ஆமென்

— அது செல்லாதுடா தம்பி. ஜன்னலைப் போன வாரமே சொல்லிட்ட. வேற சொல்லு.

— ஏன்க்கா, ஒரு ஜன்னலுக்கு ரெண்டு தடவை நன்றி சொன்னா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?

— அவரு கோவிச்சுக்க மாட்டாரு, நான் கோவிச்சுக்குவேன். சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. அன்னன்னைக்கு நடந்ததா இருக்கணும். ஜெபத்துல பொய் கூடவே கூடாது. அப்பா போயிட்டாலும் அப்பா வச்ச சட்டம் போகல.

— அம்மா மட்டும் தினமும் ஒண்ணையே சொல்றாங்கன்னு நீதானே சொன்ன?

— அம்மாகிட்ட சட்டம் பேசற தைரியம் எனக்கில்ல. இப்பல்லாம் போனையே தொட மாட்டேங்கறாங்க. காது அடைச்சிருக்காம். நான் போனை வச்சப்புறம் நீ சொன்னதை அவங்ககிட்ட போய்ச் சொன்னா, அதுக்கு அப்புறம்தான் அவங்க ஜெபம். பேச்சை மாத்தாத. தையல் மிஷினை நிறுத்திட்டு உக்காந்திருக்கேன், ஒரு சட்டைக்குக் காலர் பாக்கி. சொல்லு.

— இன்னைக்கு ஒண்ணும் இல்லக்கா. நாளையிலேர்ந்து என்னை ஜெபத்துக்குக் கூப்பிடாத.

— என்னடா சொன்ன?

— கூப்பிடாதன்னு சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்குங்க. என்னை விட்டுருங்க.

— சரி, விட்டுட்டேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீ சொன்னதையெல்லாம் காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கேன். படிக்கறேன், கேளு. ‘யாரோ ரொட்டியைச் சின்னச் சின்னதா பிச்சுக் குடுத்தாங்க.’ ‘பக்கத்துக் கட்டில் தாத்தா போர்வையை இழுத்து விட்டாரு.’ உன் ரூம்ல ஏதுடா தாத்தா? எல்லாரும் உன் வயசுப் பசங்கதானே?

— அது வந்து… ஒருத்தனோட தாத்தா. விருந்துக்கு வந்தாரு.

— கடல் தாண்டி வந்து உனக்குப் போர்வை போத்திட்டுப் போனாராக்கும். கதை விடாத. இதைக் கேளு. ‘எப்பப் பாத்தாலும் கத்தற சூப்பர்வைசர் தரையில முட்டி போட்டு எனக்கு ஷூ லேஸ் கட்டி விட்டாரு.’ அவரு எதுக்குடா உனக்கு லேஸ் கட்டணும்?

— சும்மாதான்.

— கேமரா கெட்டுப்போச்சுங்கற. மெசேஜ் பாத்தா ஒரு புள்ளி இல்ல, நிறுத்தம் இல்ல, வாயால சொல்லி அனுப்பற மாதிரி மூச்சு விடாம ஓடுது. தம்பி, உன் கைக்கு என்னாச்சு?

— அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா.

— ஜெபம் இன்னும் முடியல. ஞாபகம் வச்சுக்கோ.

— …சுண்டு விரலும் பக்கத்து விரலும். வலது கை.

— அடியா? ஆழமா?

— அடி இல்லக்கா. ரெண்டும் இல்ல.

— ஐயோ. ஐயோ ஆண்டவரே.

— லாண்டிரியில பெட்ஷீட் தேய்க்கற சூடான உருளையில ஒரு முனை மடிஞ்சு மாட்டிக்கிச்சு. மிஷினை நிறுத்திட்டுத்தான் எடுக்கணும். நிறுத்தினா திரும்பச் சூடேற கால் மணி நேரம். பின்னாடி வண்டி வண்டியா துணி நிக்குது. கையாலயே இழுத்தேன். என் தப்புதான், யாரையும் சொல்றதுக்கில்ல. ஆனா அன்னைக்குக் காலையில பஸ்ல நான் எதுக்கு நன்றி சொன்னேன் தெரியுமா?

— சொல்லு.

— ‘இந்தக் கைக்கு இவ்வளவு வேகம் குடுத்தீரே, ஸ்தோத்திரம்’னு. பதினொரு மணிக்கு விரல் இல்ல. சர்ச்ல கீபோர்டு வாசிச்ச கை, அக்கா. அதுக்கப்புறம் நான் ரொட்டி, ஜன்னல்னு சொன்னதெல்லாம் நடிப்பு. உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு சொன்னது. இனிமே நான் எதுக்கு நன்றி சொல்லணும்? நீயே சொல்லு.

— எனக்குத் தெரியலடா.

— ஒரு வசனமாவது சொல்லுவன்னு நினைச்சேன்.

— வசனம் உனக்கே தெரியும். எனக்கு இப்ப உன் விரல்தான் கண்ணுல நிக்குது. நடிப்புங்கறியே, சூப்பர்வைசர் லேஸ் கட்டினது பொய்யா?

— இல்ல, நிஜமாத்தான். ஒரு கையால நான் முடிச்சுப் போடப் பாக்கறேன், பாக்கறேன், வரல. அந்த மனுஷன் சத்தமே இல்லாம வந்து உக்காந்தாரு. கட்டி முடிச்சிட்டும் எந்திரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தாரு. அழுதாரு போல.

— நீ?

— சிரிச்சேன்க்கா. ‘சார், அவிழ்க்கறதுக்கும் நீங்கதான் வரணும்’னு சொன்னேன். அவரும் சிரிச்சிட்டாரு. அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் உள்ள என்னமோ சந்தோஷமாவே இருந்துச்சு. அதான் பயமா இருக்கு. விரல் போனவன் எப்படிக்கா சந்தோஷமா இருக்கலாம்?

— இருந்துக்கோடா. வந்ததை ஏன் விரட்டற?

— அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்க மாட்டாங்க.

— தம்பி, ‘அவனுக்கு ஓவர்டைம், இன்னைக்குப் பேச மாட்டான்’னு ஒரு நாள் உன் ரூம்காரன் போன் பண்ணான்ல?

— ஆமா. ஆஸ்பத்திரியிலேர்ந்து நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

— போனை எடுத்தது அம்மா. கதவைச் சாத்திட்டு அரை மணி நேரம் பேசினாங்க. ஓவர்டைம்னு சொல்ல அரை மணி நேரமா ஆகும்? அதுக்கப்புறம்தான் காது அடைச்சுக்கிச்சு.

— அக்கா… அம்மா தினமும் சொல்ற அந்த ஒண்ணு, என்ன அது?

— ரெண்டு கையையும் மடியில விரிச்சு வச்சுக்கிட்டு, ‘எட்டை மிச்சம் வச்சீரே, ஸ்தோத்திரம்’பாங்க. எந்த எட்டும்மான்னு கேட்டா, ‘நீ ஆமென் சொல்லு’ம்பாங்க. என்னன்னே தெரியாம பத்தொன்பது நாளா ஆமென் சொல்லிட்டு இருந்திருக்கேன்டா.

— …போனை அம்மா காதுல வை அக்கா. இன்னைக்கு ஆமென் நான் சொல்றேன்.