எட்டாவது விளக்கு

பெயர்: சண்முகராசா துஷ்யா. வயது: 17. தொழில்: புடவைக் கடையில் பகுதி நேர வேலை. வசிப்பது: லண்டன் ஹவுன்ஸ்லோ, விளையாட்டுத் திடலுக்கு எதிரே உள்ள வரிசை வீடுகளில் 46ஆம் இலக்கம். நாள்: 15.01.2025, பிற்பகல் 2.20. பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொல்லப்பட்டது, எழுதியவர் மொழிபெயர்ப்பாளர் திருமதி மங்கலம். வயது பதினெட்டுக்குக் குறைவு என்பதால் தாயார் ஜெகதீஸ்வரி உடனிருந்தார்.

நான் மேற்படி வீட்டில் அப்பா சண்முகராசா, அம்மா ஜெகதீஸ்வரி ஆகியோருடன் வசிக்கிறேன். நாங்கள் 2020ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து இங்கு வந்தோம். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டேன். எனக்கு ஆங்கிலம் விளங்கும், ஆனால் ஆட்களுக்கு முன்னால் சொற்கள் வருவதில்லை. அப்பா கடைப் பெயர்ப்பலகைகளுக்கு விளக்குப் பொருத்தும் வேலை செய்கிறார். எங்கள் மேலறையில் யோகேஸ்வரன் என்பவர் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுபவர். நான் அவரை யோகேஸ் அண்ணை என்று கூப்பிடுவேன். நேற்று மாலை டிரோன் விட்டதாக நீங்கள் பிடித்து வைத்திருப்பது அவரைத்தான். அவர் டிரோன் விடவில்லை. அது எங்கள் பட்டம்.

நேற்று தைப்பொங்கல். அப்பா ஒரு வாரமாகப் பின் கொட்டகையில் ஓர் எட்டுமூலைப் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார். அது என் உயரத்தைவிடப் பெரியது. அதன் தலைப்பக்கத்தில் விண் கட்டியிருந்தார். விண் என்பது வில்லைப் போல வளைத்து நாடா இழுத்துக் கட்டுவது. காற்றுப் பட்டால் அது விடாமல் கூவும். எங்கள் ஊரில் பொங்கலுக்கு இப்படிப் பட்டம் விட்டு, விளக்கும் பூட்டுவார்கள் என்று அப்பா சொன்னார். எட்டு மூலைக்கும் எட்டுச் சிறு விளக்குகளை நான்தான் கட்டினேன். அவை பெயர்ப்பலகை வேலையில் மிஞ்சியவை. ரிமோட்டை அழுத்தினால் தூரத்திலிருந்தும் நிறம் மாறும். எட்டில் ஒன்று எரியவில்லை. அதைக் கழற்றி என் மேலங்கிப் பையில் போட்டேன். ஆகவே பட்டத்தில் இருந்தவை ஏழு.

மாலை ஐந்து மணியளவில் அப்பாவும் நானும் திடலுக்குப் போனோம். நன்றாக இருட்டியிருந்தது. அங்கே வேறு யாரும் இருக்கவில்லை. விமானங்கள் இறங்கும் பாதை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். அதற்கு அப்பா, "அவன் அவன்ர பாதையால போவான். விண் கூவுறது கேட்டால் ஹோர்ன் அடிச்சு சைட் கேப்பான்," என்று சொல்லிச் சிரித்தார். பட்டம் ஏறிய நேரத்திலிருந்து நான் கைபேசியில் நிறுத்தாமல் படம் எடுத்தேன். அந்தப் பதிவு நான்கு நிமிடம் பத்து விநாடி. அதன் பிறகு அப்பா நீல நைலோன் கயிற்றைக் கால்பந்து கோல் கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். அப்படியே விட்டுவிட்டா போவது என்று கேட்டேன்.

"ஊரில விடியுமட்டும் தன்பாட்டில நிக்கும், பிள்ளை. ஆர் விடிய விடியப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது? வா, வடை ஆறுது."

நாங்கள் வீட்டுக்குப் போனோம். ஆளில்லாத திடலுக்கு மேலே பட்டம் கூவிக்கொண்டு நின்றது.

அதன் பிறகு நடந்தது என்னுடைய பிழை. எனக்கு இணையத்தில் வேறு பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. வானத்தில் காணப்படும் விளங்காத வெளிச்சங்களைப் பற்றி அதில் எழுதுவேன். அவை வேற்றுக்கிரகத்தில் இருந்து வருபவையா, ஏதாவது அரசாங்கம் ஒளித்துச் செய்யும் இயந்திரங்களா என்று அங்கே ஆட்கள் வாதிடுவார்கள். நானும் வாதிடுவேன். அங்கே யாரும் என் குரலைக் கேட்பதில்லை என்பதால் எனக்குச் சொற்கள் வரும். வடை சாப்பிடும்போதே மேசைக்குக் கீழே வைத்து அந்தப் பதிவில் நாற்பது விநாடியை மட்டும் வெட்டியெடுத்தேன். அப்பாவின் குரலும் கோல் கம்பமும் அதில் வராமல் பார்த்துக்கொண்டேன். இருட்டில் ஏழு விளக்குகளும் விண்ணின் சத்தமும் மட்டும் இருந்தன. "லண்டனுக்கு மேலே, இப்போது. இது மனிதர் செய்ததா?" என்று எழுதிப் போட்டேன். மனிதர் செய்தது என்று எனக்குத் தெரியும். மூலைகளில் விளக்குக் கட்டிய கை என்னுடையது.

அரை மணித்தியாலத்தில் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். முன்பு விமானம் ஓட்டியதாகச் சொன்ன ஒருவர், தனக்குத் தெரிந்த எந்த எஞ்சினும் இப்படிச் சத்தம் போடாது என்று எழுதினார். இன்னொருவர் அது இராணுவத்தின் இரகசிய இயந்திரம் என்று வரைபடம் போட்டார். வேறொருவர் பதிவை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டதாக எழுதினார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐந்தே முக்கால் மணிக்கு இறங்க வந்த விமானம் ஒன்று மறுபடி மேலேறிப் போவதை ஜன்னலால் கண்டேன். இன்னொன்றும் அப்படிப் போனது. அதன் பிறகு சைரன் கேட்டது. யோகேஸ் அண்ணை வேலை முடிந்து அப்போதுதான் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், ஓட ஏலாது. அவர் ரிமோட்டையும் அம்மாவின் சமையல் கத்தரிக்கோலையும் யோகேஸ் அண்ணையின் கையில் கொடுத்து, "லைட்டை நிப்பாட்டிப்போட்டு இறக்கு, தம்பி. ஏலாட்டி வெட்டிவிடு," என்று சொன்னார். யோகேஸ் அண்ணை, "பொங்கலுக்கு எனக்கு வடைதான் வருமெண்டு பாத்தன்," என்று சொல்லிக்கொண்டு சப்பாத்தைத் திரும்பப் போட்டார். ஒரு கால் சப்பாத்தின் நாடாவைக் கட்டாமலே ஓடினார். காற்று இழுத்ததால் இறக்க முடியாமல் கயிற்றை வெட்டியிருக்கிறார். பட்டம் போய்விட்டது. நீங்கள் வந்தபோது திடலில் அவரும், அவர் கையில் ரிமோட்டும் கத்தரிக்கோலும்தான் இருந்தன.

இரவு ஏழரை மணியளவில் இந்த நிலையத்திலிருந்து அவர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்ததால் நானும் கேட்டேன். "அக்கா, என்ர ஏர்போர்ட் வேலைப் பாஸைப் பறிச்சிட்டினம். நான் அண்ணையின்ர பேரைச் சொல்லேல்லை. அவர் வந்து சொல்லுவார்தானே?" என்று கேட்டார். அண்ணை என்று அவர் சொல்வது அப்பாவை. அம்மா, "ஓம்," என்றார். அப்பா பக்கத்தில் நின்றார். வைத்த பிறகு, "எங்களுக்கு இன்னும் நிரந்தர விசா வரேல்லை. ஒரு வக்கீலைக் கேட்டிட்டுப் போவம்," என்று சொன்னார். அம்மா, "வக்கீல் பட்டத்தைப் பிடிச்சுக் கொண்டு வருவாரோ?" என்று கேட்டார். யோகேஸ் அண்ணையின் பங்கு வடையை அம்மா மூடி வைத்தார். இன்று காலையிலும் அது மூடியபடியே இருந்தது.

இன்று மாலைக்குள் அவர் மீது வழக்குப் போடுவதா என்று முடிவெடுப்பீர்கள் என அறிந்தேன். காலையில் தனியாகத் திடலுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு முழ நீளத்துக்கு நீலக் கயிறு இன்னும் கோல் கம்பத்தில் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. வெட்டாத முழுப் பதிவையும் கையளிக்கிறேன். பட்டம் ஏறுவது, அப்பாவின் குரல், கோல் கம்பம் எல்லாம் அதில் இருக்கின்றன. எரியாத எட்டாவது விளக்கையும் மேலங்கிப் பையிலிருந்து எடுத்துத் தருகிறேன்.

இனிச் சொல்வதைச் சொல்ல வேண்டாம் என்று அம்மா வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கும்போது கேட்டுக்கொண்டார். "அதைச் சொன்னால் முழுதையும் விசர்க்கதை எண்டு தள்ளிப்போடுவினம். பிறகு யோகேஸ் தம்பி உள்ளுக்கைதான்," என்றார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இதைச் சொல்லும்போதும் இருக்கிறது.

முழுப் பதிவில் மூன்றாவது நிமிடத்திலிருந்து எட்டு விளக்குகள் தெரிகின்றன. எட்டாவது, பட்டத்துக்கு மிகவும் மேலே, வெள்ளையாக, அசையாமல் நிற்கிறது. அப்பா ரிமோட்டை அழுத்தியதும் ஏழு விளக்குகள் சிவப்பாகின. அது சிவப்பாகவில்லை. "அப்பா, மேல ஒண்டு நிக்குது," என்று நான் சொல்வதும், "பிளேனா இருக்கும்," என்று அவர் சொல்வதும் பதிவில் கேட்கும். விமானம் அப்படி நிற்காது. ஐம்பது விநாடிக்குப் பிறகு அது இல்லை. போனதை நான் காணவில்லை.

என் இணையப் பக்கத்தில் போட்டபோது அந்தப் பகுதியை வெட்டியது நான்தான். தனியாக நின்ற ஒரு விளக்கு என் கதையைக் கெடுத்துவிடும் என்று நினைத்தேன். தெரிந்த பொருளைத் தெரியாதது என்று காட்டுவதற்காக, உண்மையில் தெரியாத ஒன்றை வெட்டி எறிந்தேன்.

அது வேற்றுக்கிரகத்தினுடையதா, மனிதர் இரகசியமாகச் செய்ததா என்று அதிகாரி என்னைக் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். என் பக்கத்தில் இதுவரை அறுபதுக்கு மேல் பதிவுகள் போட்டிருக்கிறேன், ஒன்றிலும் தெரியாது என்று எழுதியதில்லை. இந்தப் பகுதியை நீக்கிவிட்டால் வாக்குமூலம் தெளிவாக இருக்கும், நீக்கவா என்றும் அதிகாரி கேட்டார். ஒரு தடவை வெட்டியதால்தான் யோகேஸ் அண்ணை உள்ளே இருக்கிறார். வேண்டாம் என்று சொன்னேன்.

அப்பா இந்த நிலையத்துக்கு வெளியே, தெருவின் மறுபக்கம், தன் வெள்ளை வேனில் இருக்கிறார். எங்களைக் கொண்டுவந்து விட்டார், உள்ளே வரவில்லை. வேனின் பின்பக்கத்தில் அதே நீலக் கயிற்றின் மிச்சச் சுருள் இருக்கிறது. நீங்கள் போய்க் கேட்டால் அவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். அவருக்கு முழங்கால் வருத்தம். மெதுவாக நடக்க விடவும்.

இது தமிழில் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பொய்யென்று கண்டால் தண்டனை உண்டு என்பதை அறிந்து, மேலே உள்ள யாவும் நான் கண்டதும் செய்ததும் என்று ஒப்புக்கொண்டு ஒவ்வொரு தாளிலும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ச. துஷ்யா

உடனிருந்தவர்: (ஒப்பம்) ச. ஜெகதீஸ்வரி