கிட்டத்து மைக்

அந்த ரெக்கார்டரை என் பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்திக்கொள்ளுங்கள், சார். அங்கே இருந்தால் என் பேச்சைவிட மின்விசிறிச் சத்தம்தான் கூடுதலாகப் பதியும். நான் மெதுவாகப் பேசுகிறவன்.

என் தொழில் வெளிச் சத்தங்களைப் பதிவு செய்வது. ரயில், இடி, கல்குவாரி வெடி. படம் எடுப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பெரிய சத்தத்தை ஒரே மைக்கால் பிடிக்க முடியாது. தூரத்து மைக் எதிரொலியைத் தரும். நடு மைக் சத்தத்தின் உடம்பைத் தரும். கேட்பவன் நெஞ்சில் விழுகிற அந்த அடி மட்டும் கிட்டத்து மைக்கில்தான் கிடைக்கும். அது முரட்டு மைக்காக இருக்க வேண்டும். நுணுக்கமானதை வைத்தால் முதல் வெடியிலேயே போய்விடும்.

கிட்டத்து மைக் எப்போதும் என் அண்ணன் பொறுப்பு. பதினேழு வருடம். எனக்குப் பொறுமை கிடையாது, அவருக்கு உண்டு. ஸ்டாண்டை நிறுத்தி, காலில் மணல்மூட்டை வைத்து, மைக்கிடம் குனிந்து ஏதாவது பேசிவிட்டுத்தான் வருவார். காலையில் அண்ணி எதற்குத் திட்டினார் என்பதெல்லாம் எனக்கு ஹெட்போனில்தான் தெரியவரும். காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார். நல்ல காதுமூடி வாங்கித் தருவதாக நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் காது டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வலது காது சுத்தமா போச்சு. இடதுல கொஞ்சம்தான் பாக்கி. இனிமே இந்த வேலைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார். அதை அண்ணனிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "அப்போ உங்க அண்ணி பேசுறதுல பாதி மிச்சம். அவகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார். அவர் கேட்டுக்கொண்டதால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஆலைப் புகைபோக்கி இடிப்புக்கு முன்னால் எங்களிடம் ஒரு படிவம் வாங்கினார்கள். சைரன் கேட்டதும் வெளியேறிவிடுவோம் என்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். காதைப் பற்றி அதில் கேள்வி எதுவும் இல்லை.

அந்தப் புகைபோக்கியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூடிக்கிடந்த ஆலையில் அறுபது மீட்டர் உயரத்துக்கு நின்றது. வெடி வைத்துச் சாய்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மூன்று மாதம் நடையாய் நடந்து அனுமதி வாங்கினேன். அது ஒரு தடவைதான் விழும். காற்று பலமாக இருக்கிறது என்று இரண்டு நாள் தள்ளிவைத்தார்கள். மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு மேல் சாலையை மூடிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்பதரைக்கு எல்லாரும் வேலிக்கு வெளியே வந்துவிட்டோம். ஹெட்போனில் கிட்டத்து மைக் காற்றில் உறுமியது. அண்ணன் பக்கம் திரும்பி, "மைக்கோட பஞ்சு உறை நழுவியிருக்கும் போல" என்றேன். காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கிற உறை அது. அவ்வளவுதான் சொன்னேன். போகச் சொல்லவில்லை. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வேலிச் சந்தில் நுழைந்து போனார். மைக் பாய்லர் அறைச் சுவருக்குப் பின்னால் இருந்தது. வெடி வைக்கிற இன்ஜினியர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வெறும் சுவர்தான் தெரியும்.

சைரன் ஊதியது. இன்ஜினியர் என்னிடம் வந்தார்.

"உங்க ஆளுங்க எல்லாம் வெளியே வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்."

அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். வந்துகொண்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். பத்தாக எட்டு நிமிடம் இருந்தது. நிறுத்தச் சொன்னால் இன்னொரு நாள் எங்களை உள்ளே விட்டிருப்பார்களா? பட்டன் என் கையில் இல்லை. அவ்வளவு பெரிய ஏற்பாட்டின் நடுவே ஒரு சவுண்டுக்காரன் என்ன செய்துவிட முடியும்?

புகைபோக்கி அவர்கள் சொன்ன பக்கம்தான் சாய்ந்தது. அதன் செங்கல் சரிந்து வந்து பாய்லர் அறைச் சுவரை அண்ணன்மேல் தள்ளிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி கேட்டார். "அவர் எப்பவும் மைக்குல ஏதாச்சும் பேசிட்டே இருப்பாரே தம்பி. கடைசியா என்ன சொன்னார்?"

"மைக் நொறுங்கிடுச்சு அண்ணி. ஒண்ணும் பதியலை."

மைக் நொறுங்கியது உண்மை. ஆனால் சத்தம் பதிவது மைக்கில் இல்லை. கேபிள் வழியாக வந்து என் மடியில் இருந்த பெட்டியில் பதியும். தூரத்து மைக், நடு மைக் இரண்டின் பதிவையும் அன்றைக்கே உங்களிடம் கொடுத்தேன். கிட்டத்து மைக்கின் இந்தப் பதிவைக் கொடுக்கவில்லை. அண்ணி தினமும் கேட்கிறார். கோபமாகக் கேட்டால் எப்படியாவது சமாளித்திருப்பேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

இந்தாருங்கள், போட்டுக் கேளுங்கள். முதலில் காலடிச் சத்தம் வரும். உறையை இழுத்துக் கட்டுகிற சத்தம் வரும். பிறகு அண்ணன் பேசுவார். "டேய், கட்டிட்டேன். நேரம் இருக்கா? வரலாம்னா கையைத் தூக்கிக் காட்டு." காது போனதிலிருந்து தூரத்தில் இருந்தால் எங்களுக்குள் கைஜாடைதான். சுவரின் ஓரமாகத் தலையை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தடவையும் கேட்கிறார், "டேய், வரட்டுமா?" என்று. அங்கிருந்து வெடி வரைக்கும் பதினொரு விநாடி.

அந்தப் பதினொரு விநாடியில் அவர் மூச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போகும். அவர் மூச்சை அடக்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பெட்டியில் பதிவு லெவலைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அவர் குரலுக்குச் சரியாக இருந்த லெவலில் அந்த அடி சிதைந்து போயிருக்கும். இப்போது சுத்தமாகப் பதிந்திருக்கிறது. ஒரு கையையாவது தூக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு இரண்டு கையிலும் வேலை இருந்தது, சார்.