சணல் கட்டிய புடலங்காய்

ஜெயப்ரியா: வண்டிய மொதல்ல ஆஃப் பண்ணுங்க. தெருவுல தறி சத்தம் பத்தாதுன்னு இது வேற.

சந்திரமோகன்: ஆஃப் பண்ணா இறங்கணும். இறங்கினா நிக்கணும். வெயில் கொளுத்துது.

ஜெயப்ரியா: ஏன் நிக்கணும்? உள்ள வந்து ஃபேனுக்கு கீழ உக்காரலாமே... ஓ, மறந்துட்டேன். சபதம்.

சந்திரமோகன்: ஆமா. சபதம்.

ஜெயப்ரியா: அம்மா... உன் மாப்ள செய்யார்ல இருந்து பொண்டாட்டிய பாக்க வந்து, பால்காரன் மாதிரி வாசல்ல நிக்கிறாரு பாரு.

சின்னம்மாள்: வாங்க மாப்ள, உள்ள வாங்க.

சந்திரமோகன்: பரவால்ல அத்தை. இங்கயே இருக்கேன்.

சின்னம்மாள்: காபி எடுத்தாரட்டுமா?

சந்திரமோகன்: குடுங்க அத்தை. சக்கர கம்மியா.

ஜெயப்ரியா: காபிக்கு சபதம் கெடையாதா?

சந்திரமோகன்: இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். காபி குடிக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?

ஜெயப்ரியா: ஆமா, போன வாரம் மட்டன் கொழம்பும் அப்படித்தான். வண்டி மேலயே உக்காந்துகினு, பெட்ரோல் டாங்க் மேல தட்ட வச்சிகினு... எதிர்வீட்டு பரசுராமன் அண்ணன் கேக்கறாரு, உங்க வீட்டுக்காரர் வண்டிய விட்டு இறங்கவே மாட்டாரா, கால்ல எதுனா கோளாறான்னு.

சந்திரமோகன்: நீ இன்னா சொன்ன?

ஜெயப்ரியா: கால்ல இல்லண்ணா, இன்னும் கொஞ்சம் மேலன்னு சொன்னேன்.

சின்னம்மாள்: ஏன்டி, வெயில்ல வந்த மனுஷன... இந்தாங்க மாப்ள, காபி. மாமா கூட வீட்ல இல்ல. முள்ளிப்பட்டுக்கு தறிக்கு பாவு நூல் குடுக்க போயிருக்காரு. ஒரு எட்டு உள்ள வந்துட்டு போங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

சந்திரமோகன்: அதுக்கில்ல அத்தை. அன்னிக்கு மாமா இன்னா சொன்னாரு? "பயிர் எது, களை எதுன்னு தெரியாதவனுக்கு பொண்ண குடுத்துட்டேனே"ன்னு, இதே வாசல்ல, தெருவே கேக்க...

ஜெயப்ரியா: தப்பா இன்னா சொன்னாரு? பொங்கலுக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்துட்டு திரும்பறதுக்குள்ள, செய்யார் வீட்டு பின்னாடி நான் வளத்த புதினா, ஓமவல்லி, தூதுவளை, மணத்தக்காளி... எல்லாத்தையும் களைன்னு பிடுங்கி போட்டது யாரு?

சந்திரமோகன்: சுத்தம் பண்ணேன்டி. நீ வந்து பாத்து சந்தோஷப்படுவேன்னு...

ஜெயப்ரியா: பட்டேனே! பிடுங்கினது பத்தாம, புது வண்டி நிறுத்தறதுக்கு அந்த எடம் பூரா சிமெண்ட் வேற பூசி வச்சிருந்தீங்க. அத பாத்ததும் அப்படி ஒரு சந்தோஷம். அன்னிக்கு பஸ் ஏறினவதான்.

சந்திரமோகன்: எனக்கு எப்படி தெரியும்? புல்லும் பச்சை, புதினாவும் பச்சை.

ஜெயப்ரியா: கிளி கூட பச்சைதான். எங்கனா பாத்தா அதையும் பிடுங்கி போட்டுடாதீங்க.

சந்திரமோகன்: சரி... பழச விடு. இன்னிக்காவது கிளம்பறியா?

ஜெயப்ரியா: எப்படி கிளம்பறது? பின்னாடி வந்து பாத்தா தெரியும். நீங்கதான் வர மாட்டீங்களே. பந்தல் தாங்கல. புடலை பாம்பு பாம்பா தொங்குது.

சின்னம்மாள்: ஆமா மாப்ள. அந்த பந்தல பாத்தாலே எனக்கு கண்ணுல தண்ணி வருது.

ஜெயப்ரியா: அம்மா, அடுப்புல எதுனா வச்சிருக்கியா, போய் பாரு.

சின்னம்மாள்: நான் இன்னாடி தப்பா சொல்லிட்டேன்? கண்ணுலயாவது வருதேன்னு...

ஜெயப்ரியா: அம்மா!

சந்திரமோகன்: போன வாரம் பீர்க்கங்கா முடியட்டும்னு சொன்ன. அதுக்கு முந்தி வெண்டைக்கா. இப்ப புடலங்கா.

ஜெயப்ரியா: காய்க்கறத நிறுத்துன்னா நிறுத்திடுமா? தை மாசம் நான் கையால போட்ட விதை. நான் கிளம்பிட்டா யாரு தண்ணி ஊத்தறது? குருவி வேற வருது. அதுக்குன்னே ஒரு பொம்மை நிக்க வச்சிருக்கேன். உங்க நீல கோடு போட்ட சட்டைய மாட்டி.

சந்திரமோகன்: அந்த சட்டையா! வீடு பூரா தேடினேன்டி அத!

ஜெயப்ரியா: என் பொட்டியில துணியோட துணியா வந்துடுச்சு.

சந்திரமோகன்: நல்ல சட்டைடி அது...

ஜெயப்ரியா: நல்ல சட்டைதான். குருவிதான் மதிக்கல. உங்க தோள் மேலயே வந்து உக்காருது.

சின்னம்மாள்: உங்களுக்கு அந்த பொம்மை தேவல மாப்ள. அது வீட்டுக்குள்ளயாவது நிக்குது.

சந்திரமோகன்: நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா அத்தை...

ஜெயப்ரியா: இந்தாங்க, இந்த வாரத்து பை. புடலங்கா, வெண்டைக்கா, ஒரு கட்டு புதினா. புதினாவ பாத்துக்கங்க, புல்லுன்னு தூக்கி போட்டுடாதீங்க.

சந்திரமோகன்: இன்னாடி, இவ்ளோ கனமா இருக்குது!

ஜெயப்ரியா: தோட்டத்து காய்னா கனம் இருக்கும். போன வாரம் குடுத்தத இன்னா பண்ணீங்க?

சந்திரமோகன்: சமைச்சேன்.

ஜெயப்ரியா: நீங்க?

சந்திரமோகன்: ஏன், எனக்கு கை இல்லயா? புடலங்கா கூட்டு வச்சேன். தேங்கா அரைச்சு ஊத்தி... ஷிஃப்ட் முடிஞ்சு வந்த பசங்க ரெண்டு பேரு சாப்ட்டு, யாருடா சமைச்சதுன்னு கேட்டானுங்க.

ஜெயப்ரியா: புடலங்கா உள்ள பஞ்சு மாதிரி இருக்குமே, அத இன்னா பண்ணீங்க?

சந்திரமோகன்: அது... அதையும் போட்டுத்தான்...

ஜெயப்ரியா: எது, கூட்டுலயா?

சந்திரமோகன்: தனியா வறுத்தேன்.

ஜெயப்ரியா: பஞ்ச தனியா வறுத்தீங்க.

சந்திரமோகன்: லேசா... எண்ணெய்ல...

ஜெயப்ரியா: அப்பால தலகாணியில அடைச்சு படுத்தீங்களா? உண்மைய சொல்லுங்க. யாருக்கு போவுது என் காய்?

சந்திரமோகன்: வீட்டுக்கார அம்மாவுக்கு.

ஜெயப்ரியா: பொன்னியம்மாளுக்கா! வாடகையும் குடுத்து காயும் குடுக்கறீங்களா?

சந்திரமோகன்: ஒரு... காரியம் ஆக வேண்டியிருந்தது அவங்களால. அத விடு. இப்ப நான் சொல்ல வந்தது வேற.

ஜெயப்ரியா: சொல்லுங்க.

சந்திரமோகன்: கம்பெனியில ஷிஃப்ட் மாத்திட்டாங்க. அடுத்த வாரத்துல இருந்து ஞாயித்துக்கிழமையும் டியூட்டி. லீவு நாள் இனிமே எப்ப விழும்னு சொல்ல முடியாது.

ஜெயப்ரியா: அப்ப... காய்?

சந்திரமோகன்: காய்க்கா நான் இவ்ளோ தூரம் வந்துகினு இருக்கேன்?

ஜெயப்ரியா: யோசிக்கிறேன்.

சந்திரமோகன்: யோசிக்காத. கிளம்பு. வண்டியில ஜல்தியா போயிடலாம்.

ஜெயப்ரியா: அதான் சொல்றேன்ல, தண்ணி ஊத்த ஆளு...

சந்திரமோகன்: அத்தை ஊத்துவாங்க.

சின்னம்மாள்: நானா? எதுக்கு மாப்ள? எதுக்கு ஊத்தறது?

ஜெயப்ரியா: அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு. அம்மாவுக்கு முட்டி வலி. குடம் தூக்க கூடாது.

சந்திரமோகன்: சரி, அப்படின்னா நானே பாக்கறேன். எவ்ளோ செடி, எவ்ளோ காய்னு பாத்துட்டு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு போலாம். தள்ளு.

ஜெயப்ரியா: இறங்கறீங்களா? எதுக்கு இறங்கறீங்க?

சந்திரமோகன்: உள்ள வரத்தான்.

ஜெயப்ரியா: அய்யய்யோ, சபதம்!

சந்திரமோகன்: இவ்ளோ நாளா வா வான்னு நீதான கூப்ட?

ஜெயப்ரியா: கூப்ட்டா வந்துடறதா? ஆம்பளை ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். தெரு இன்னா பேசும்? பரசுராமன் அண்ணன் பாக்கறாரு!

சந்திரமோகன்: பாக்கட்டும். கால்ல கோளாறு இல்லன்னு தெரிஞ்சிக்கட்டும்.

ஜெயப்ரியா: வேணாங்க... உள்ள ஒரே குப்பை... பாம்பு வேற...

சந்திரமோகன்: பாம்பா? இப்பதான் புடலங்கான்னு சொன்ன.

ஜெயப்ரியா: அம்மா, தடும்மா!

சின்னம்மாள்: நான் ஏன்டி தடுக்கறேன்? எனக்கு பேஜாரா போச்சு உங்க ரெண்டு பேராலயும். வலது காலா, இடது காலா மாப்ள... ஆ, வலது! மிதிச்சிட்டாரு! நேரா போங்க மாப்ள, தறி ரூம தாண்டி, கொல்லக் கதவு தெறந்துதான் இருக்குது.

ஜெயப்ரியா: போச்சு.

சந்திரமோகன்: இன்னாடி இது... இதுவா பந்தல்?

ஜெயப்ரியா: பாத்துட்டீங்கல்ல? சிரிங்க.

சந்திரமோகன்: சிரிக்க இன்னா இருக்குது.

ஜெயப்ரியா: வெறும் கழி நிக்குது, கயிறு தொங்குது. ஒரு எல கெடையாது. அதுக்கு நடுவுல உங்க சட்டைய போட்டுகினு ஒரு பொம்மை. நானா இருந்தா விழுந்து விழுந்து சிரிப்பேன்.

சந்திரமோகன்: எப்ப போச்சு?

ஜெயப்ரியா: பங்குனி வரைக்கும் நல்லாதான் இருந்தது. சித்திரை பொறந்ததும் போர்ல காத்துதான் வந்தது. குழாய்ல வர்றது குடிக்கவே பத்தல. அரிசி கழுவின தண்ணி, மூஞ்சி கழுவின தண்ணி எல்லாம் ஊத்தி பாத்தேன். மொதல்ல வெண்டை... அப்பால பீர்க்கன். புடலைதான் கடைசி. எல சுருண்டு சுருண்டு... நின்னு பாத்துகினேதான் இருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல.

சின்னம்மாள்: அன்னிக்கு சாப்டல மாப்ள இவ.

ஜெயப்ரியா: இப்ப அத யாரு கேட்டா?

சந்திரமோகன்: அப்ப வாராவாரம் நீ குடுத்த காயெல்லாம்?

சின்னம்மாள்: மார்க்கெட்டுதான். ஞாயித்துக்கிழமை பொழுது விடிஞ்சா பொன்னுசாமி கடைக்கு மொத கிராக்கி இவதான். வாங்கினு வந்து, தண்ணி தெளிச்சு, இப்பதான் பறிச்ச மாதிரி பையில போட்டு...

ஜெயப்ரியா: நீ ஒருத்தி போதும்மா!

சந்திரமோகன்: எனக்கு தெரியும்.

ஜெயப்ரியா: இன்னா தெரியும்?

சந்திரமோகன்: மார்க்கெட்டு காய்னு.

ஜெயப்ரியா: சும்மா அளக்காதீங்க. புதினாவுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது, இதுல...

சந்திரமோகன்: அது தெரியாது. நூலு தெரியும். நானும் தறிக்காரன் வீட்ல பொறந்தவன்தான். புடலங்கா வளையாம நீட்டா வளர்றதுக்கு வால்ல கல்லு கட்டுவாங்கல்ல? மொத ரெண்டு மூணு வாரம் நீ குடுத்த காயில, வால்ல அரக்கு கலர் பட்டு நூல் இருந்தது. மாமா பாவுல மிஞ்சின துண்டு நூலு. அப்பால வந்ததுல எல்லாம் சணல். பட்டு நெய்யற வீட்ல, காலுக்கு கீழ நூலு கெடக்கும்போது, புடலங்காய்க்கு எவடி காசு குடுத்து சணல் வாங்குவா?

சின்னம்மாள்: அப்பவே சொன்னேன்! வால வெட்டிட்டு குடுடின்னு சொன்னேனா இல்லயா?

ஜெயப்ரியா: தெரிஞ்சேதான் வந்து வாங்கினு போனீங்களா?

சந்திரமோகன்: ஆமா.

ஜெயப்ரியா: "இவ்ளோ கனமா"ன்னு இப்ப கூட வாய பொளந்தீங்களே!

சந்திரமோகன்: பின்ன? மார்க்கெட்டு காய்தானேன்னு கேட்டா, நீ கதவ சாத்துவ. அப்பால எந்த மூஞ்ச வச்சிகினு ஞாயித்துக்கிழமை இங்க வந்து நிக்கறது? காய் வாங்க வர்றேன்னாவது ஒரு சாக்கு இருந்தது. சரி... நீ ஏன் மறைச்ச? செடி போச்சுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே கூட்டிகினு போயிருப்பேன்ல?

ஜெயப்ரியா: எப்படி சொல்றது? நாலு செடிய பிடுங்கிட்டீங்கன்னு உங்கள தெரு பாக்க நிக்க வச்சேன். எங்கப்பாவும் அவ்ளோ பேசிட்டாரு. கடைசில என் கண்ணு முன்னாடியே ஒரு தோட்டம் பூரா செத்துப் போச்சு. நீங்க பிடுங்கினதுக்கும் நான் காய விட்டதுக்கும் இன்னா வித்தியாசம்னு நீங்க கேட்டா... என்கிட்ட பதில் இல்ல. அதான்.

சந்திரமோகன்: நான் கேக்கல.

ஜெயப்ரியா: கேக்கலன்னாலும் அங்க வந்து நான் இன்னா பண்றது? இங்கயாவது மழை பேஞ்சா தரை இருக்குது, மறுபடி விதை போடலாம். அங்க அந்த சிமெண்ட்ட பாத்துகினு உக்காந்திருக்க என்னால ஆவாதுங்க. நெஜமா சொல்றேன்.

சந்திரமோகன்: போன மாசம் ஒரு கட்டு புதினா குடுத்தல்ல? இலைய கிள்ளி வீட்டுக்கார அம்மாவுக்கு குடுத்துட்டு, தண்ட நட்டு வச்சேன். குளிச்ச தண்ணியதான் ஊத்தறேன். இப்ப தழைச்சிகினு நிக்குது. இந்த தடவ நான் பிடுங்கல.

ஜெயப்ரியா: அதுவும் பொன்னுசாமி கடை புதினாதான்.

சந்திரமோகன்: அதுக்கு அது தெரியாது. வளருது.

ஜெயப்ரியா: எதுல நட்டீங்க? ஒடைஞ்ச பக்கெட்லயா?

சந்திரமோகன்: தரையில.

ஜெயப்ரியா: தரையா? அங்க ஏதுங்க தரை? மூல முடுக்கு விடாம சிமெண்ட் பூசினீங்களே!

சந்திரமோகன்: பூசினேன். அப்பால கடப்பாரை வாங்கி ஒடைச்சேன். வீட்டுக்கார அம்மா லேசுல ஒத்துக்கல... உன் புடலங்காயெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்ச?

ஜெயப்ரியா: ...அப்ப வண்டிய எங்க நிறுத்தறீங்க?

சந்திரமோகன்: தெருவுலதான். உங்க வீட்டு வாசல்ல வெயில்ல நின்னு நின்னு அதுக்கும் பழகிப் போச்சு.