வேக வைத்த பலகை

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்த தங்கையிடம் சொன்னார்: "நேத்து ஃபேக்டரியில பலகைய வேக வச்சோம்."

"கிழங்கு மாதிரியா, அண்ணே?"

"சிரிக்காத லா. பிடிப்பு கூடட்டும்னு பிளைவுட் பசையில செல்லுலோஸ் தூள் கலந்தோம். காய்ஞ்சப்ப கல்லு மாதிரி இருந்துச்சு. கொதிதண்ணியில போட்டுப் பாத்தா தாள் தாளா பிரியுது; ஈரமே ஆகாது."

"அதுக்கு?"

"உன் மவனோட மேல்கட்டிலு அந்தப் பலகையிலதான் அடிச்சேன்."

"ஐயோ, அதுக்கு நேராத்தானே கூரை ஒழுகுது! கீழ்க்கட்டிலுல பாப்பா தூங்குவாளே!"

அவள் போனில் மகனை அழைத்தாள். "அய்யா, எங்க இருக்க? மேலயா? குதிக்காத. மெல்ல இறங்கு. இறங்கிட்டியா?"

மலை வளைவில் சிக்னல் அறுந்தது. பிள்ளை பெற்ற எனக்கு அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது.