ஏருக்கு மேலே குதிரைத் தலை

ஓரத்தைப் பிடிங்க சார். விரல் பட்டா செம்புக் காசுல ரேகை விழுந்துடும், அப்புறம் போகவே போகாது. ம், அப்படித்தான். மூணாவதா இருக்கே, அது என்னோடது. சொல்லக் கூடாதுதான். யாரோடதுன்னு தெரியாம மதிப்புப் போடணும்னுதான் பேர் எழுதாம வெல்வெட்டுல வரிசையா வெச்சிருக்காங்க. ஆனா நியூஜெர்சில இந்தப் பழங்காசுப் பைத்தியம் பிடிச்சவங்க கொஞ்சம் பேரு. அடுத்தவன் காசு அவன் மூஞ்சி மாதிரி அத்துப்படி.

எல்லாம் 1787, ஒரே அச்சு. குதிரைத் தலை, கீழே ஏர். காலனிக் காசுன்னு நீங்களும் சொல்றீங்க பாருங்க. இங்கிலாந்துக்காரனைத் துரத்தி நாலு வருஷம் கழிச்சு அடிச்சது சார் இது. யார் தப்பாச் சொன்னாலும் நான் திருத்துவேன். அதனாலதான் உங்களுக்கு என் பக்கத்து நாற்காலி காலியாக் கிடைச்சுது.

முதல்ல இருக்கறதா? எங்க சங்கத்து வான் டோரனோடது. இந்த அச்சுல எப்பவும் என் காசுக்குத்தான் முதல் இடம். போன வருஷம் அவன் கொண்டுவந்தது வெறும் அழுக்கு வில்லை, குதிரைக்குக் கண்ணே இல்ல. மதிப்புல கடைசில கிடந்துச்சு. இன்னைக்கு அதையே பாருங்க, பிடரி மயிர் இழை இழையாத் தெரியுது. காப்பிக்கொட்டை நிறம். வயிறு எரியுது, மறைப்பானேன்.

திராவகமா? சேச்சே. அப்படிக் கழுவினா செம்பு உரிச்ச கோழி மாதிரி வெளிறிப் போயிடும். இது ஆலிவ் எண்ணெய்ல மாசக்கணக்கா ஊறப்போட்டு, ரோஜா முள்ளால அழுக்கை நெம்பி எடுத்தது. ஊசி கீறும், முள்ளு கீறாது. அசாத்தியப் பொறுமை வேணும். வான் டோரனுக்கா? ரொட்டிப் பொட்டலத்தையே பல்லால கிழிக்கற ஆளு. கை வேற நடுங்கும். அவன் செஞ்ச வேலையே இல்ல சார் இது.

அதோ, நீல ஸ்வெட்டர் போட்டுக் காப்பி ஊத்திக்கிட்டிருக்காளே, அவதான் என் வீட்டுக்காரி லோயிஸ். காசுன்னாலே கொட்டாவி விடுவா. கொஞ்சம் தொடச்சுக் குடேன்னா, உங்க குதிரையை நீங்களே குளிப்பாட்டிக்கங்கன்னுடுவா. இந்த வருஷம் செவ்வாய்க்கிழமை ஆனா நூலகம் போறா. படிக்கட்டுமேன்னு நானும் விட்டுட்டேன்.

மதிப்புச் சீட்டு நான் எழுதிட்டேன். வான் டோரனோடது முதல், என்னோடது ரெண்டாவது. மாத்திப் போடலாம்னு பேனாவை எடுத்தேன். கை வரல. வேலை அவ்வளவு சுத்தம், பொய் சொல்ல முடியாது.

போன செவ்வாய் நூலகத்துலேர்ந்து வந்ததும் லோயிஸ் சூப் ஊத்தினா. கையைப் பாத்தேன். பழக்கதோஷம் சார், எதைப் பாத்தாலும் கீறல் இருக்கான்னு தேடுவோம். கட்டைவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் பொடிப்பொடியாக் குத்து. நகத்தோரம் எண்ணெய் மினுமினுப்பு.

புத்தகத்துல ஏது சார் முள்ளு? எங்க வீட்டுல ரோஜாவும் கிடையாது. வான் டோரன் வீட்டு வேலி பூராவும் ரோஜாதான்.