மூணாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் ஒரு கிரீடம்

ஹலோ… ஹலோ, லிஃப்ட் கம்பெனியா?… அப்பாடா, ஒரு மனுஷக் குரல்! ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு உங்க மெஷின் என்னை எட்டு நிமிஷமா பாடாப் படுத்திருச்சு. மேடம், நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்…

ஆமா… ஆமா, இப்பவும்தான். உள்ளேருந்துதான் பேசுறேன்…

எந்த நம்பர்?… இருங்க, பட்டனுக்குப் பக்கத்துல ஸ்டிக்கர் இருக்கு. "பழுது ஏற்படின் பதற்றம் அடைய வேண்டாம்"… அது வேண்டாமா? சரி, அதுக்குக் கீழ… ஏழு, நாலு, நாலு, ரெண்டு. ஸ்கேன் சென்டர் இருக்கற அஞ்சு மாடி பில்டிங். நாலுலேருந்து கிளம்புச்சு, மூணு வர்றதுக்குள்ள நின்னுருச்சு.

ஒரே ஆள்தான்… மூச்சு நல்லா இருக்கு… மயக்கம் இல்ல… மேடம், இந்தக் கேள்வியெல்லாம் நானும் தினம் நாப்பது பேர்கிட்ட கேக்கறவதான், எக்ஸ்ரே டெக்னீஷியன் நான். எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரு முழங்கைதான் கதவுல சிக்கிக்கிச்சு.

ஐயோ, இல்ல இல்ல, கத்தாதீங்க! என் முழங்கை இல்ல. அது யாரோட முழங்கையோ… மேடம், ஆம்புலன்ஸ் வேண்டாம், கேளுங்க! எக்ஸ்ரே ஃபிலிம்! யாரும் வாங்க வராத பழைய ஃபிலிமை எல்லாம் சேத்து ஒட்டி றெக்கை செஞ்சிருக்கேன். அதுல ஒரு முழங்கைப் படம். அதுதான் சிக்கியிருக்கு.

றெக்கை… ஆமா, றெக்கைதான். பறக்கறதுக்கு வெச்சிருப்பாங்களே, அதே. இடது பக்கம் பூரா விலா எலும்பு, வலது பக்கம் கை கால். உள்ள குடைக்கம்பி. முதுகுல கட்டிக்கிட்டு லிஃப்ட்ல ஏறினேன். நான் ஏறிட்டேன், றெக்கை நுனி முழுசா ஏறல. ஃபிலிம் மெல்லிசா இருக்கவும் கதவுக்கு ஒண்ணும் தெரியல, அது பாட்டுக்கு மூடிக்கிச்சு. லிஃப்ட் கீழ போகுது, றெக்கை மேல போகுது… இப்ப நான் முதுகைக் கதவோட ஒட்டிக்கிட்டு நுனிக்கால்ல நிக்கிறேன். காயப் போட்ட சட்டை மாதிரி.

சிரிக்கிறீங்களா?… இல்ல, சிரிச்சீங்க. எனக்குக் கேட்டுச்சு.

கழட்ட முடிஞ்சா கழட்ட மாட்டேனா? முடிச்சு முதுகுல இருக்கு. நர்ஸம்மா கட்டி விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. சனிக்கிழமை, நாலு மணிக்கே எல்லா ஆபீஸும் மூடியாச்சு. நானும் அப்பவே கிளம்பியிருப்பேன், கடைசி நேரத்துல டாக்டர் ஒரு இடுப்பை அனுப்பி வெச்சாரு. அந்த இடுப்பைப் படுக்க வெச்சு, திருப்பி, படம் எடுத்து முடிக்கறதுக்குள்ள மணி அஞ்சு…

வாட்ச்மேனா? மாட்டினதுலேருந்து பெல் அடிக்கிறேன். பின்பக்கம் ஜெனரேட்டர் ரூம்ல இருப்பாரு. ஜெனரேட்டர் ஓடுறப்பவே அதுக்குப் பக்கத்துல தூங்கறவரு மேடம் அவரு.

நீங்க மெக்கானிக்கை அனுப்புங்க, போதும். ஆறு மணிக்குள்ள நான் மைதானத்துல இருக்கணும். இங்கேருந்து வண்டியில இருபது நிமிஷம். ஆறுக்கு மேல முதல் வரிசை கேட்டை மூடிடுவாங்க… ஆமா, அந்த நிகழ்ச்சிக்குத்தான். பாடகர் சாம்பல் ராஜாவோட மேடை நிகழ்ச்சிக்கு. தயவு செஞ்சு சீக்கிரம்.

என்ன, எடுக்க மாட்டேங்கறாரா? டூட்டியில இருக்கற மெக்கானிக் போன் எடுக்க மாட்டாரா? என்ன கம்பெனி நடத்துறீங்க?… ஸ்விட்ச் ஆஃப்னா? அஞ்சு மணிலேருந்தா?…

அஞ்சு மணிலேருந்து… மேடம், ஒரு நிமிஷம். அந்த மெக்கானிக், காதுல வளையம் போட்டிருப்பாரா? தலை நரைச்சு, குடுமி போட்டு?… போச்சு. அது எங்க ஸ்பேனரு. எங்க ரசிகர் மன்றத்துல முப்பத்தொண்ணாம் நம்பர். இந்நேரம் மைதானத்துல உக்காந்திருப்பாரு.

அவரைத் திட்டாதீங்க. அது மன்றத்தோட ரூலு. நிகழ்ச்சி அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அத்தனை பேரும் போனை அணைச்சு பொருளாளர் பையில போட்டுடணும். நானும் ஒவ்வொருத்தரா முப்பத்தெட்டுப் பேருக்கும் அடிச்சுப் பாத்துட்டேன். எல்லாமே ஸ்விட்ச் ஆஃப். ஒருத்தர்கூட மீறல. அவ்வளவு ஒழுங்கு…

யாரு போட்ட ரூலா?… யாரோ போட்டாங்க. இப்ப அது எதுக்கு?

…நான்தான் போட்டேன். போதுமா? செகரட்டரி நான். வேற மெக்கானிக் இல்லையா?… ஒண்ணரை மணி நேரமா? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்! தீயணைப்புக்காரங்களைக் கூப்பிடுங்க… என்ன, எல்லா வண்டியும் மைதானத்துலயா? ஏன்?… ஓ. ஆமா, எங்காளு மேடையில எரியுறாருல்ல. சே!

கத்தரிக்கோலா? இருக்கு, பையில பேண்டேஜ் வெட்டுறது இருக்கு. எதுக்கு?… முடியாது. முடியவே முடியாது. நாலு மாசம் மேடம், நாலு மாசம்! டூட்டி முடிஞ்சு உக்காந்து ஒவ்வொரு எலும்பா ஒட்டினது. இதை வெட்டுன்னு ஒரு வார்த்தையில சொல்றீங்க? உங்களுக்கென்ன, ஏசி ரூம்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு…

சரி, சரி. கோபப்படல. உங்களுக்குப் புரியாது. றெக்கை என் ஆசைக்கு. ஆனா என் பையில இன்னொண்ணு இருக்கு. கிரீடம் இருக்கு…

ஆமா. ஊருக்கு ஒண்ணு, இது இந்த ஊர்க் கிரீடம். எங்க மன்றம் செஞ்சது, முதல் வரிசையிலேருந்து நான் கொண்டு போய் மேடையில வைக்கணும்… ஆமா, மூணாவது மணி அடிக்கறதுக்கு முன்னாடி.

…என்ன சொன்னீங்க? மூணாவது மணிக்கு முன்னாடியான்னு நீங்கதானே கேட்டீங்க? மேடையில மூணு தடவை மணி அடிப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அட… அட, நீங்களும் ரசிகையா! முதல்லயே சொல்ல மாட்டீங்களா? அப்ப உங்களுக்கு விளக்கவே வேண்டாமே! அந்த கோர்ட் சீன்… ஆமா! ஆமா, டிரம்மர்தான் நீதிபதி! பெரிய டிரம்மை ரெண்டு தடவை மிதிச்சா தீர்ப்பு. பேஸ் கிட்டார்க்காரரு அரசு வக்கீல், அவரு ஒரு கம்பியை இழுத்து விட்டா மனுஷனுக்கு ஈரக்குலை நடுங்கும். நம்மாளு கூண்டுல நின்னு, தன் தரப்பு வாதத்தைப் பாட்டாவே பாடுவாரு பாருங்க… அதேதான்! அந்த இடத்துல குரல் உடையுமே! அது நடிப்பா நிஜமான்னு எங்க மன்றத்துல ரெண்டு கோஷ்டியே இருக்கு… நிஜமா? நீங்க நிஜம்னு சொல்ற கோஷ்டியா? நானும்!

அப்புறம் தீர்ப்புப்படி அவரை எரிப்பாங்க. வெள்ளிக் காகிதச் சாம்பல் நம்ம தலை மேல கொட்டும். கும்மிருட்டு. ஒரு மணி… ரெண்டாவது மணி… மூணாவது அடிக்கறதுக்குள்ள ரசிகர்கள் கையிலேருந்து கிரீடம் மேடைக்குப் போயிட்டா, கூட்டத்துக்கு நடுவுலேருந்து எந்திரிப்பாரு. போகலைன்னா எந்திரிக்கவே மாட்டாரு. ஒரு ஊர்ல அப்படித்தான் ஆச்சு. லைட்டைப் போட்டாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போங்கன்னாங்க. அதே நம்ம ஊர்ல நடக்கணுமா? என் கையால? பதினோரு வருஷமா திரையிலயே பாத்துக்கிட்டு இருந்தோம். முதல் தடவையா நேர்ல வர்றாரு. இந்த டூரோட சரின்னும் சொல்லிட்டாரு… இனிமே எந்திரிக்க வேற நாள் இல்லம்மா!

நீ ஏம்மா போகல? டூட்டியா? மாத்திக்கக் கூடாதா?… எங்க மன்றத்துல சேந்திருந்தா ஏதாவது வழி பண்ணியிருப்பேனே. ஏன் சேரல?…

சேந்திருந்தியா? எப்ப? உன் நம்பர் என்ன?

…

பத்தொம்பது.

…ஞாபகம் இருக்கு. ஸ்பேனர் கூட்டிக்கிட்டு வந்த பொண்ணு. போன வருஷம் மண்டபத்துல திரையிட்டப்ப… இருட்டு நேரத்துல போனை எடுத்தது நீதான். நீலமா ஒரு வெளிச்சம், சரியா ரெண்டாவது மணிக்கு. அத்தனை பேருக்கும் கெட்டுப் போச்சு.

ஓஹோ. இப்பப் புரியுது. முதல்லயே என் குரலைக் கண்டுபிடிச்சுட்டே, இல்ல? அதான் மூச்சு வருதா, மயக்கம் வருதான்னு நேரத்தை ஓட்டுனியா? அதான் றெக்கையை வெட்டச் சொன்னியா? பழி வாங்குறே! உன் மேலதிகாரிகிட்ட குடு போனை. குடுன்னா குடு!…

என்ன?… திருப்பிச் சொல்லு.

…லிஃப்ட்லயா.

யாரு?… தனியாவா?… எத்தனை வயசு?… கரண்ட்டும் இல்லாம, எழுபத்தாறு வயசு மனுஷன்… கம்பெனி லைனை உன் போனுக்கு மாத்தி வெச்சிருந்தியா? அவரு கூப்பிட்டதுதானா அன்னிக்கு வந்தது?

எவ்வளவு நேரம் பேசினே?… நாப்பது நிமிஷம். மண்டபத்து மாடிப்படியில உக்காந்து. நான்… நான் உன் கையிலேருந்து போனைப் பிடுங்கப் பாத்தேன்ல. நீ உதறிட்டு வெளிய ஓடினே. திமிரு பிடிச்சவன்னு நினைச்சேன்.

ஏன் என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…

ஆமா. லெட்டர். ஞாபகம் இருக்கு. "அமைப்பின் ஒழுங்கை மீறிய காரணத்தால் தங்கள் உறுப்பினர் எண் ரத்து செய்யப்படுகிறது. விளக்கம் ஏதும் ஏற்கப்பட மாட்டாது." அந்தக் கடைசி வரியையும் நான்தான் எழுதினேன். அடிக்கோடு போட்டு.

…அந்தப் பெரியவர் நல்லா இருக்காரா?… பொங்கிப் பொங்கி அழுதாரா, பாவம். இப்பவும் போன் பண்ணுவாரா? சும்மாவா? லிஃப்ட் நல்லா ஓடுதுன்னு சொல்றதுக்காகவா?

எங்க வெட்டணும், சொல்லு.

இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். கத்தரிக்கோலை எடுத்துட்டேன்… கதவைத் தொட மாட்டேன்… விரலை இடுக்குல விட மாட்டேன், சத்தியமா. நீ அங்கேருந்தே லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்கியா? சரி… உள்பக்கம் இருக்கறதை மட்டும்… ஃபிலிமை முதல்ல வெட்டி, கம்பியோட ரெண்டாவது கணுவை மடக்கணும்… இரு, போனைத் தோள்ல இடுக்கிக்கறேன்.

வலது கை எலும்பு போச்சு… மணிக்கட்டு போச்சு… கம்பி வளைய மாட்டேங்குது… வளையுது, வளையுது… ஆ!

இல்ல இல்ல, அடி படல. கம்பி கழண்டு வந்துருச்சு. அதோட நானும் முன்னால போய் விழுந்தேன். பாதி றெக்கை உள்ள. முழங்கை தரையில கிடக்கு… இடுக்குல ஒண்ணும் இல்ல. வெளிச்சம் கூடத் தெரியல, கதவு நல்லா ஒட்டிக்கிச்சு.

இப்ப நீ அங்கேருந்து ஓட வைக்க முடியுமா? முடியும்னா ஏன் இவ்வளவு நேரம்… ஓ, கம்பி இருந்தா ஓடாதா. இதைத்தானே நீ முதல்லேருந்து சொன்னே. நான்தான் கேக்கல. அன்னிக்கும் கேக்கல.

ஓரமா நிக்கிறேன்… கைப்பிடியைப் பிடிச்சிருக்கேன்… ஏதோ உறுமுது… நகருது! மெதுவா, ஆனா நகருது! மணி என்ன? அஞ்சு முப்பத்தி மூணு. பத்தொம்பது, நகருதும்மா!

மூணாம் மாடி. திறக்குதா?… திறந்துருச்சு! வெளிய வந்துட்டேன். படியிலயே இறங்கறேன், உன் லிஃப்டுக்கு ஒரு கும்பிடு… ஆமா, கிரீடம் பத்திரமா இருக்கு. ஒரு றெக்கைதான் குட்டை. பரவால்ல, அடிபட்ட பறவைன்னு சொல்லிக்கறேன்.

இந்தாப்பா வாட்ச்மேனு, எங்கய்யா போனே!… உன்னை இல்லம்மா. இப்பத்தான் எந்திரிச்சு வர்றாரு. என்னைப் பாத்துட்டுத் திரும்ப ஓடறாரு.

கேளு. உனக்கு டூட்டி எப்ப முடியுது?… எட்டா? அதுக்குள்ள எரிச்சு முடிச்சிருப்பாங்களே. உன் நம்பர் இருக்குல்ல, கம்பெனி நம்பர் இல்ல, நேரா உன் டேபிளுக்கு வர்றது? அதைச் சொல்லு… ஏன் எதுக்குன்னு கேக்காத, சொல்லு. பேனா இல்ல… இரு, இந்த முழங்கை மேலயே கத்தரிக்கோலால கீறிக்கறேன்… ம்… ம்… கடைசி ரெண்டு எண்?… ஆச்சு.

சார்ஜ் அஞ்சு பர்சென்ட்தான் இருக்கு. அதனால இப்ப வெச்சுடறேன். சாம்பல் கொட்டி, இருட்டாகி, முதல் மணி அடிச்சதும் உன்னைக் கூப்பிடறேன், அங்கேருந்தே கேளு… ஆமா, முதல் வரிசையிலேருந்துதான்… ஆமா, பொருளாளர் பையில போட மாட்டேன். தெரியும்மா, வெளிச்சம் தெரியும். முப்பத்தெட்டுப் பேரும் திரும்பி முறைப்பாங்க. முறைக்கட்டும். நீக்கணும்னு லெட்டர் எழுதறதா இருந்தா எழுதட்டும், செகரட்டரி கையெழுத்தை நானே போட்டுத் தர்றேன். விளக்கம் மட்டும் கேக்கச் சொல்றேன்.

அழறியா?… அழுதுக்கோ, ஆனா ஹெட்போனைக் கழட்டிடாத. முதல் ரிங்லயே எடு. ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு அந்த மெஷின் மட்டும் நடுவுல வந்துச்சு, அதுக்குள்ள மனுஷன் எந்திரிச்சு நின்னுருவாரு!

வண்டி வந்துருச்சு. வெச்சுடறேன், பத்தொம்பது.